பழைய வீடியோ நாடா, கேசட், டிஸ்க்கை மின்கோப்பாக மாற்றப் போகிறீர்களா? எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது?

அம்மா அப்பா கல்யாண வீடியோ நாடா. தாத்தாவின் குரல் இருக்கும் கேசட். பெருமாள் கோயில் பிஜிபி மண்டபத்தில் நடந்த நிச்சயதார்த்தத்தின் டிவிடி. சிங்கப்பூரில் பல தமிழ் வீடுகளில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். போட்டுப் பார்க்கத்தான் கருவி இருக்காது.

விஎச்எஸ் நாடாவை ஓட்டும் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களில் உள்ளதை மீட்பதற்கான காலம் சுருங்கி வருகிறது என்று யுனெஸ்கோவின் ஆதரவுடன் ஒலி, காணொளிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் 2019இல் எச்சரித்தது. அதனால் பலரும் நாடாக்களை மின்கோப்பாக மாற்றத் தொடங்கியிருக்கின்றனர்.

கணினியில் மாற்றும் மென்பொருளைத் திறந்தால் தலை சுற்றும். எம்பி4ஆ, எம்கேவியா? எச்.264ஆ, எச்.265ஆ? பிட்ரேட் எவ்வளவு? ஏதோ ஒன்றை அமுக்கினாலும் ஏதோ ஒரு கோப்பு வந்துவிடும். படமும் ஓடும். சிக்கலே அதுதான். தவறான அமைப்பைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்கே தெரியாது. பத்து ஆண்டு கழித்துப் பெரிய திரையில் போடும்போதுதான் பாட்டியின் முகம் கட்டம் கட்டமாக இருப்பது கண்ணில் படும். அதற்குள் நாடா குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

எத்தனை கோப்பு வேண்டும்?

மென்பொருளைத் தொடுவதற்குமுன் முடிவு செய்யவேண்டியது இது. ஒரே கோப்பை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் அளவுக்குச் சிறிதாக வேண்டும் என்று நினைத்து, அந்தச் சிறிய கோப்பையே பாதுகாத்தும் வைக்கின்றனர்.

உலகம் முழுவதும் ஆவணக் காப்பகங்கள் இரண்டு நகல் வைத்துக்கொள்கின்றன. ஒன்று பாதுகாப்புக்கு, மற்றொன்று பயன்பாட்டுக்கு. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் 1979இல் தொடங்கியது. அதில் பதிவான நேர்காணல்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் கேட்கலாம். தமிழில் பேசியவர்களின் நேர்காணல்களும் உண்டு. இணையத்தில் நீங்கள் கேட்பது பயன்பாட்டுக்கான நகல். பாதுகாப்பு நகல் என்பது வேறு, பெரியது, யாரும் தொடாமல் வைக்கப்படுவது.

வீட்டிலும் அப்படியே செய்யலாம். முதலாவதைத் தாய்க்கோப்பு என்று வைத்துக்கொள்வோம். நாடாவிலிருந்து எடுக்க முடிந்த அத்தனையும் அதில் இருக்கவேண்டும். பெருசா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இரண்டாவது பகிர்வு நகல். தாய்க்கோப்பிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் அதைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். சிறிய கோப்பிலிருந்து பெரிய கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது.

தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்கீழ் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் 2015இல் மின்னிலக்க வடிவம் பெற்றன. தொடர்ந்து நாடகம், நடனம், இசை ஆகிய துறைகளுக்கும் தொகுப்புகள் வந்தன. நாளை இதுபோன்ற ஒரு முயற்சிக்கு உங்கள் அம்மா ஆடிய அரங்கேற்றத்தின் பதிவு தேவைப்பட்டால், கொடுப்பதற்கு வாட்ஸ்அப்பில் நசுங்கிய கோப்பு மட்டும் இருந்தால் என்ன செய்வது?

எம்பி4 என்றால் தரமானது என்று அர்த்தமா?

இல்லை. எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் பெட்டிகள். தாபாவ் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்க ஒரே பெட்டிதான். உள்ளே பிரியாணியும் இருக்கலாம், மீ கோரெங்கும் இருக்கலாம். பெட்டிக்குள் படத்தையும் ஒலியையும் எப்படிச் சுருக்கி அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். எச்.264, எச்.265 என்பவை படத்தைச் சுருக்கும் கோடெக்குகள். ஏஏசி, எம்பி3, ஃபிளாக் ஆகியவை ஒலிக்கானவை.

எச்.264 என்பது 2003இல் வந்தது. இன்று பழைய தொலைக்காட்சி, மலிவான கைபேசி, கோயில் அலுவலகக் கணினி என்று எதில் போட்டாலும் ஓடும். எச்.265 பத்தாண்டு கழித்து, 2013இல் வந்தது. அதே தரத்தைக் கிட்டத்தட்ட பாதி அளவில் தரும். ஆனால் பழைய கருவிகள் சில அதைத் திறக்காது. ஏவி1 என்ற இன்னும் புதியதும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பலருக்கும் அனுப்பவேண்டிய நகல் என்றால் எம்பி4 பெட்டியில் எச்.264 படம், ஏஏசி ஒலி. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். பினாங்கில் இருக்கும் பெரியம்மாவின் பழைய தொலைக்காட்சியிலும் ஓடவேண்டுமே!

விஎச்எஸ் நாடா: இங்குதான் அதிகக் கவனம் வேண்டும்

மற்றவற்றைவிட நாடாவில்தான் தவறு செய்ய வாய்ப்பு அதிகம். காரணம், அதில் இருப்பது கோப்பே இல்லை. நாடா ஓட ஓட, வரும் படத்தைக் கணினி பிடித்து எழுதவேண்டும்.

அதற்குமுன் நாடாவின் சிறு ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். வெள்ளைப் பொடியோ நூல் போன்ற பூஞ்சையோ தெரிந்தால் ஓட்டாதீர்கள். நாடா கிழியலாம், கருவியும் கெடும், அடுத்து ஓட்டும் நாடாவுக்கும் பூஞ்சை பரவும். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பலர் நாடாக்களை வைத்திருக்கும் பாம் ஷெல்ட்டரில் காற்றோட்டமும் குறைவு. பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

நாடா நன்றாக இருந்தால், மென்பொருள் கேட்கும் முதல் கேள்வி பாலா, என்டிஎஸ்சியா என்பது. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை எல்லாமே பால் முறையைப் பின்பற்றிய நாடுகள். அதனால் இங்கு எடுத்த கல்யாண வீடியோவும் தஞ்சாவூரிலிருந்து வந்த வீடியோவும் ஒரே அமைப்பில் ஓடும். அமெரிக்கா, கனடா, ஜப்பானிலிருந்து வந்த நாடா என்றால் என்டிஎஸ்சியாக இருக்கும். சில மென்பொருள்கள் கேட்காமலே என்டிஎஸ்சியில் நிற்கும். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ நாடா கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். முதலில் இந்த அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது படத்தின் அளவு. பால் நாடாவைப் பிடிக்க 720க்கு 576 போதும். 1080, 4கே என்று தேர்ந்தெடுத்தால் படம் தெளிவாகாது, கோப்புதான் வீங்கும். நாடாவில் இல்லாத விவரத்தை எந்த அமைப்பாலும் கொண்டுவர முடியாது.

படத்தின் வடிவத்தையும் பாருங்கள். அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் திரை 4க்கு 3 என்ற விகிதம் கொண்டது. இன்றைய திரை 16க்கு 9. "திரை முழுக்க வரட்டும்" என்று இழுத்துவிட்டால் மாப்பிள்ளை, பெண், ஐயர் எல்லாருக்கும் முகம் அகன்றுவிடும். இரண்டு பக்கமும் கறுப்பு ஓரம் வருவதுதான் சரி. கறுப்பு ஓரம் பிடிக்காமல் மேலும் கீழும் வெட்டிவிடுபவர்களும் உண்டு. அதில் தாலி கட்டும் கை தெரியும், கட்டுபவரின் தலை போயிருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பலருக்கு இதைப் பற்றித் தெரிவதில்லை. பழைய வீடியோவில் நொடிக்கு 25 படம். ஆனால் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். ஆக நொடிக்கு 50 பாதிப்படங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை அப்படியே காட்டியது. கணினித் திரை அப்படிக் காட்டாது. மாலை மாற்றும்போது கை அசையும் இடத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிவது இதனால்தான்.

இந்தக் கோடுகளை நீக்கும் வசதிக்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். அதைச் சும்மா போட்டுவிட்டால் பெரும்பாலும் நொடிக்கு 25 படம்தான் வரும், அசைவில் பாதி போய்விடும். இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் அந்த வசதிக்குள் பாப் என்ற தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் 50 பாதிப்படங்களும் 50 முழுப் படங்களாகும். பரதநாட்டியப் பதிவில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வந்த கோப்பில் நொடிக்கு 50 படம் என்று காட்டுகிறதா என்று சரிபாருங்கள். தாய்க்கோப்பில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது வரி வரியாகவே இருக்கட்டும். கோடுகளை நீக்கும் முறைகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன. பின்னால் இன்னும் நன்றாகச் செய்துகொள்ளலாம்.

தாய்க்கோப்பு எவ்வளவு பெரிது? டிவி என்ற பழைய கேமரா வடிவத்தில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 கிகாபைட். மூன்று மணி நேரக் கல்யாணம் 40 கிகாபைட்டை நெருங்கும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஒரு டெராபைட் வன்தட்டில் இப்படி 25 கல்யாணம் அடங்கும்.

விசிடி, டிவிடி: மாற்றவே வேண்டாம்

டிஸ்க்கில் இருப்பது ஏற்கெனவே மின்கோப்பு. அதை இன்னொரு முறை சுருக்கினால் தரம் மறுபடியும் குறையும். நகல் எடுத்த ஜெராக்ஸையே மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான்.

1990களில் லிட்டில் இந்தியா கடைகளில் தமிழ்ப் படத்தை விசிடியில் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான் அடங்கும், இடைவேளைக்கு எழுந்துபோய் டிஸ்க்கை மாற்றவேண்டும். கல்யாண வீடியோக்களும் இப்படித்தான் இரண்டு மூன்று டிஸ்க்காக வந்தன. விசிடி படத்தின் அளவு 352க்கு 288. டிஸ்க்கைத் திறந்து எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் பாருங்கள். டேட் என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். அதைக் கணினிக்கு நகலெடுத்து விஎல்சி மென்பொருளில் திறந்தால் ஓடும். தாய்க்கோப்பு தயார்.

டிவிடியில் விஓபி என்று முடியும் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்குள் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியே மாற்றினால் துண்டுகள் சேரும் இடத்தில் ஒலி அறுபடும். மேக்எம்கேவி போன்ற மென்பொருள், படத்தைத் தொடாமல் எல்லாவற்றையும் ஒரே எம்கேவி பெட்டிக்குள் அடுக்கிவிடும். பிரியாணி அதேதான், பெட்டி மட்டும் வேறு. சில நிமிடங்களில் முடியும் வேலை.

வீட்டில் எழுதிய டிஸ்க்குகளைத் தள்ளிப்போடாதீர்கள். அவற்றில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே படிக்க முடியாமல் போகும்.

கேசட்: நாதஸ்வரமா, பேச்சா?

கேசட்டுக்குத் தாய்க்கோப்பு வேவ் அல்லது ஃபிளாக் வடிவத்தில் இருக்கவேண்டும். ஃபிளாக்கும் சுருக்கும், ஆனால் எதையும் தூக்கி எறியாது. விரித்தால் அப்படியே திரும்பக் கிடைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். வேவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் ஆகும். ஃபிளாக்கில் அதில் பாதியளவு.

எம்பி3யில் நேரடியாகப் பதிவு செய்யலாமே? கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் இரைச்சலைக் குறைக்கவோ குரலைத் தூக்கவோ முயன்றால், எம்பி3 தூக்கி எறிந்த பகுதிகளின் குறை அப்போதுதான் வெளியே வரும். 128 கிலோபிட் எம்பி3யை 320ஆக மாற்றித் தருகிறோம் என்று சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் கெட்டியாகாது.

ஒலியளவை வைப்பதில்தான் பெரும்பாலான கேசட்கள் வீணாகின்றன. பேச்சைக் கேட்டு ஒலியளவைக் கூட்டி வைத்திருப்பீர்கள். திடீரென்று கெட்டிமேளம் வரும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து எகிறும்போது அளவுமானி சிவப்பைத் தொட்டால் அந்த இடத்தில் ஒலி நறுக்கப்பட்டுவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. கேசட்டில் அதிகச் சத்தமான இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்த மானி கண்ணுக்கு முன்னாலேயே ஓடும்.

பகிர்வு நகலுக்கு, இசை என்றால் ஏஏசி 192 கிலோபிட். தாத்தா பேசுவது மட்டும் என்றால் மோனோவில் 64 போதும். 

கைபேசியில் எடுத்த தைப்பூசம்

பிட்ரேட் என்பது ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு தகவல் ஒதுக்குகிறோம் என்பது. மனக்கணக்காக இதை வைத்துக்கொள்ளலாம்: 1 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 7.5 மெகாபைட். 8 மெகாபிட்டில் எடுத்த பத்து நிமிடக் காணொளி 600 மெகாபைட்.

எல்லாக் காணொளிக்கும் ஒரே பிட்ரேட் சரிவராது. மேடையில் ஒருவர் நின்று பேசுகிறார் என்றால் படம் அதிகம் மாறாது, குறைவான தகவலே போதும். சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு நோக்கிக் காவடி போகிறது. மயிலிறகு ஒவ்வொன்றும் அசைகிறது, பின்னால் கூட்டம் அசைகிறது, கேமராவும் ஆடுகிறது. அதே பிட்ரேட்டில் சுருக்கினால் மயிலிறகு பச்சைச் சேறாகிவிடும். தீபாவளி ஒளியூட்டை இரவில் எடுத்தாலும் அப்படித்தான். இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். கணினி அதையும் விவரம் என்று நினைத்துத் தகவலைச் செலவழிக்கும்.

அதனால் பிட்ரேட்டை நாமே குறிப்பதைவிடத் தரத்தைக் குறிப்பது நல்லது. ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்று ஓர் எண் இருக்கும். தேவையான இடத்தில் அதிகம், தேவையில்லாத இடத்தில் குறைவு என்று மென்பொருளே பங்கிட்டுக்கொள்ளும். எண் குறைந்தால் தரம் கூடும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நாடா, டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை. முழு எச்டி என்றால் 20 முதல் 24 வரை. 4கே என்றால் 22 முதல் 28 வரை. எந்த எண் என்று குழப்பமாக இருந்தால் அதிக அசைவுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, இரண்டு எண்களில் மாற்றித் தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். கைபேசித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் எல்லாமே அழகாகத் தெரியும்.

கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு இத்தனை படம் என்ற வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். அந்தக் கோப்பைப் படத்தொகுப்பு மென்பொருளில் போட்டால் போகப் போக உதட்டசைவும் குரலும் விலகும். மாற்றும்போது மாறாத படவேகத்தைத் தேர்ந்தெடுத்தால் இது வராது. 30இல் எடுத்ததை 30ஆகவே வையுங்கள். 25 ஆக்கினால் அசைவு தத்தித் தத்திப் போகும்.

ஐஃபோன்கள் 2017லிருந்து எச்.265இல் பதிவு செய்கின்றன. எடுத்த காணொளி அலுவலகக் கணினியில் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கேமரா அமைப்பில் அதிக இணக்கம் என்ற தெரிவைப் போட்டால் இனி எடுப்பவை எச்.264இல் பதிவாகும்.

வாட்ஸ்அப், தொலைக்காட்சி, யூடியூப்

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். ஆவணமாக அனுப்பினால் தொடாது. ஆவணத்தின் உச்சவரம்பு 2 கிகாபைட். மூன்று மணி நேரக் கல்யாணத்தை அதற்குள் அடக்க முடியுமா? 2,000 மெகாபைட்டை 180 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 11. அதை 7.5ஆல் வகுத்தால் ஒலியையும் சேர்த்து 1.4 மெகாபிட்டுக்குச் சற்று மேல். பழைய நாடாப் படத்துக்குக் கைபேசியில் பார்க்க ஓரளவு பரவாயில்லை. இப்படி அளவு கட்டாயமாக இருக்கும்போது மட்டும் ஆர்எஃப்பை விட்டுவிட்டுச் சராசரி பிட்ரேட்டைக் குறித்து, இருமுறை ஓட்டும் தெரிவையும் போடுங்கள். இதைவிட எளிய வழியும் உண்டு. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், விருந்து என்று மூன்றாக வெட்டி அனுப்புங்கள். விருந்தை யாரும் முழுசாப் பார்க்கப்போறதில்லை.

தம்ப் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகப் போகிறீர்களா? ஃபேட்32 முறையில் தயாரான டிரைவில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. "இடம் இருக்கு, ஆனா ஏற மாட்டேங்குது" என்று பலர் திணறுவது இதனால்தான்.

யூடியூப் ஒன்றுக்குத்தான் முன்னே சொன்னதற்கு விதிவிலக்கு. அங்கு நொடிக்கு 50 படம் ஓடவேண்டும் என்றால் படத்தின் உயரம் 720ஆவது இருக்கவேண்டும். சிறிய படங்களை அந்தத் தளம் மிகவும் கஞ்சத்தனமாகச் சுருக்கும். அதனால் அங்கு ஏற்றும் நகலை மட்டும் 1440க்கு 1080 என்று பெரிதாக்கி ஏற்றலாம். கல்யாண வீடியோவின் பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்தால் உரிமைக் கோரிக்கை வரக்கூடும், ஒலியும் அடைக்கப்படலாம். 1980, 90களின் கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு இல்லாதது எங்கே இருக்கிறது?

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள்

வேண்டாம். இப்படிப்பட்ட போலித் தளங்கள் கணினியில் தீங்குநிரலைப் புகுத்துவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. கோப்பை மாற்றியும் தருவார்கள் என்பதால் சந்தேகம் வராது. கைபேசியில் ஏபிகே கோப்பை இறக்கச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். அதோடு, குடும்ப வீடியோவை யாரென்றே தெரியாதவரின் கணினிக்கு ஏற்றுகிறோம் என்பதையும் யோசிக்கவேண்டும். மேலே சொன்ன ஹேண்ட்பிரேக், விஎல்சி, ஆடாசிட்டி மூன்றும் இலவசம். அவற்றின் சொந்த இணையத்தளங்களிலிருந்தே இறக்குங்கள்.

கடையில் கொடுப்பதென்றால் என்ன கேட்பது?

கருவி இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. பல கடைகள் நாடாவை டிவிடியாக எழுதித் தருகின்றன. ஒரு பழைய பொருளிலிருந்து இன்னொரு பழைய பொருளுக்கு மாற்றுவது அது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அண்ணே, டிவிடி வேணாம். ஃபைலாவே தம்ப் டிரைவ்ல போட்டுக் குடுங்க. நாடாவிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஃபைலும் வேணும், சின்னதாக்கின எம்பி4உம் வேணும். படத்த அகலமா இழுக்க வேணாம். டேப்பத் திருப்பிக் குடுத்துடுங்க."

நாடா திரும்பி வந்ததும் கோப்பின் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பாதீர்கள். நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். குரல் உதட்டைவிட்டு விலகுவது கடைசிப் பகுதியில்தான் தெரியும். பாதியில் நின்றுபோன பதிவும் அங்குதான் அகப்படும். தாய்க்கோப்பை இரண்டு வன்தட்டில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று தங்கை வீட்டில். நாடாவை அதன் பிறகும் தூக்கிப்போட வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் நிமிர்த்தி வைத்தால் இன்னும் சில காலம் தாங்கும்.

தமிழில் வசன வரி, பெயர்க் குறிப்பு

வசன வரியைத் தனிக் கோப்பாகவும் வைக்கலாம், படத்தின்மேலேயே பொறிக்கவும் செய்யலாம். தனிக் கோப்பு என்றால் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரும். சில தொலைக்காட்சிகளில் தமிழ் எழுத்துருவே இருக்காது. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அந்த நகலில் மட்டும் பொறித்துவிடலாம். தாய்க்கோப்பில் பொறிக்காதீர்கள்.

எம்பி4, எம்கேவி இரண்டிலுமே ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடங்களை வைக்கலாம். வீட்டில் யாரும் அதிகம் பயன்படுத்தாத வசதி இது. பாட்டி உயிரோடு இருக்கும்போதே அந்தக் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டி, பக்கத்தில் கைபேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். "இவங்க பூன் கெங்ல நம்ம பக்கத்து வீட்டு அக்கா, இவர் உங்க தாத்தாவோட துறைமுகத்துல வேலை செஞ்சவர்" என்று அவர் சொல்லிக்கொண்டே போவது மோனோவில் 64 கிலோபிட் ஏஏசியாக மணிக்கு 30 மெகாபைட்கூட ஆகாது. வீடியோவை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தால் படத்தோடு பொருத்துவது எளிது. தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள், படம் தொடங்கும் நொடியைக் கண்டுபிடிக்க உதவும். பிறகு எம்கேவி பெட்டியை அடுக்கும் மென்பொருளில் முதல் தடத்தில் நாதஸ்வரம், இரண்டாவது தடத்தில் பாட்டி என்று சேர்த்து, இரண்டாவதற்குப் "பாட்டி சொல்வது" என்று பெயரிடுங்கள். விஎல்சியில் பார்க்கும்போது ஒலித்தடம் என்ற பட்டியலில் அந்தப் பெயர் வரும்.